அழுகை ஒன்று, சிரிப்பு ஒன்று போதுமா? நடிப்பு மாணவர் கேள்வி – பதில்

நடிப்புப் பள்ளிகளின் நுழைவுத் தேர்வுக்கும் ஆண்டுத் தேர்வுக்கும் தயாராகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே வந்திருக்கின்றன: செவ்வியல் தனிமொழி (ஒரே பாத்திரம் தொடர்ந்து பேசும் பகுதி) ஒன்று, சமகாலத் தனிமொழி ஒன்று, இரண்டையும் எப்படித் தேர்ந்தெடுப்பது? இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

'ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு தனிமொழிகள்' என்று அறிவிப்பில் இருக்கிறது. ஒன்றில் அழுகிறேன், இன்னொன்றில் சிரிக்க வைக்கிறேன். போதாதா?
– முதலாண்டு மாணவி

போதாது. எதிரில் இருப்பவரிடம் இந்தப் பாத்திரம் எதைக் கேட்டு நிற்கிறது, அதைப் பெற என்னென்ன செய்து பார்க்கிறது என்பதைத்தான் நடுவர்கள் முதலில் கவனிப்பார்கள். அது இரண்டிலும் ஒன்றாக இருந்துவிட்டால், ஒன்றில் கண்ணீர் வந்தாலும் மற்றதில் அறையே சிரித்தாலும், ஒரே நடிப்பை இரண்டு தடவை பார்த்த அலுப்புதான் மிஞ்சும். ஓடிப்போன தம்பியைத் திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சும் சோகமும், கோபித்துக்கொண்ட காதலியிடம் கெஞ்சும் வேடிக்கையும், நடிகர் செய்யும் வேலையைப் பொறுத்தவரை, கெஞ்சல்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பென்சில் போதும். தனிமொழியை வரிக்கு வரி இடம் விட்டுக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் ஒரே ஒரு வினைச்சொல் எழுதுங்கள்: கெஞ்சுகிறாள், மிரட்டுகிறாள், புகழ்கிறாள், தட்டிக்கழிக்கிறாள், குத்திக்காட்டுகிறாள், சமாதானப்படுத்துகிறாள். 'வருந்துகிறாள்', 'கோபப்படுகிறாள்' என்று எழுதினால் அழித்துவிடுங்கள். அவை மனநிலைகள், அவற்றை யார்மீதும் செய்ய முடியாது. எழுதி முடித்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பாதிக்கு மேல் ஒரே வினைகள் என்றால் அது ஜோடியே இல்லை. ஒரு தாளில் மூன்று வெவ்வேறு வினைகூடத் தேறவில்லையா? அந்தத் தனிமொழியையே விட்டுவிடுங்கள். இரண்டு நிமிடம் ஒரே வேலையைச் செய்யச் சொல்லும் எழுத்தை எவ்வளவு திறமை இருந்தாலும் தூக்கி நிறுத்த முடியாது.

வினைகள் மாறுபட்டாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. மீதிக்கு இவற்றைப் பாருங்கள். பேசுகிறவர் தன்னைவிட அதிகாரம் கூடியவரிடம் பேசுகிறாரா, குறைந்தவரிடமா? பலர் முன்னிலையிலா, யாரும் இல்லாத அறையிலா? பேசத் தொடங்கும்போதே என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்குத் தெரியுமா, அல்லது பேசப் பேசத்தான் புரிகிறதா? கடைசியாகச் சொன்ன வேறுபாட்டைப் பெரும்பாலான மாணவர்கள் யோசிப்பதே இல்லை. ஆனால் அறையில் உடனே தெரிவது அதுதான். முடிவெடுத்துவிட்டு வந்தவரின் மூச்சு ஒரு மாதிரி இருக்கும், சொல்லைத் தேடிக்கொண்டிருப்பவரின் மூச்சு வேறு மாதிரி இருக்கும்.

ஓர் உதாரண ஜோடி: சபை நடுவில், தன்னைவிட உயர்ந்த ஒருவரைப் பார்த்து, ஒளிவுமறைவின்றிக் குற்றம் சாட்டும் செவ்வியல் பகுதி. அதற்கு எதிரே, வேலை போய்விட்டது என்ற செய்தியை நண்பனாகவும் இருந்துகொண்டே சொல்ல வேண்டிய ஒரு மேலாளர், மூடிய அறையில், வாக்கியங்களை முடிக்காமல் சுற்றிச் சுற்றி வரும் சமகாலப் பகுதி. இரண்டிலும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, ஒரு நகைச்சுவை இல்லை. மாறுபாடு மட்டும் முழுமையாக இருக்கிறது.

எந்த ஆண்டுக்கு முன்னால் எழுதியது செவ்வியல்? இப்சன், செகாவ் எதில் சேரும்?
– நுழைவுத் தேர்வு எழுதப்போகிறவர்

இரண்டிலும் சேராது என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. இப்சனின் 'பொம்மை வீடு' 1879, செகாவின் 'செர்ரிப் பழத்தோட்டம்' 1904. இவற்றை 'நவீன' நாடகம் என்பார்கள். சமகாலம் என்றால் சில இடங்களில் 1950க்குப் பின், சில இடங்களில் கடந்த 20, 30 ஆண்டுகள். கோடு இடத்துக்கு இடம் மாறும். அறிவிப்பில் ஆண்டு போட்டிருந்தால் அதுதான் சட்டம், போடாவிட்டால் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். கேட்பதற்காக யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

கிரேக்கத் துன்பியல் நாடகங்கள், பாசன், காளிதாசன், சூத்ரகர் போன்றோரின் சமஸ்கிருத நாடகங்கள், ஷேக்ஸ்பியர் (1564–1616), மொலியேர் (1622–1673) ஆகியவற்றைச் செவ்வியல் என்பதில் சிக்கல் வராது. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' 1891இல் வந்தது. ஆண்டைப் பார்த்தால் நவீனம், செய்யுள் நடையைப் பார்த்தால் செவ்வியலின் வேலையைத்தான் நடிகரிடம் கேட்கிறது. அதை எடுப்பதானால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கதை நடக்கும் காலம் வேறு, எழுதப்பட்ட காலம் வேறு. கிரீஷ் கர்னாடின் 'துக்ளக்' 1964இல் எழுதப்பட்டது. 14ஆம் நூற்றாண்டு சுல்தானைப் பற்றியது என்பதால் அது செவ்வியல் ஆகிவிடாது. அதே சமயம், செவ்வியலுக்கு ஓர் அரசனை எடுத்துவிட்டுச் சமகாலத்துக்கும் துக்ளக்கை எடுத்தால், விதிப்படி சரியாக இருந்தாலும், நீங்கள் இரண்டு முறை சிம்மாசனத்தில் உட்கார்ந்ததாகத்தான் தெரியும்.

செவ்வியலுக்குக் கண்ணகியின் வழக்குரையை எடுக்க ஆசை. எல்லோரும் அதையே எடுக்கிறார்கள், வேண்டாம் என்கிறார்கள் தோழிகள்.
– இரண்டாமாண்டு மாணவி

எல்லோரும் எடுக்கிறார்கள் என்பது உண்மை. எல்லோரும் ஒரே மாதிரி கெடுக்கிறார்கள் என்பதும் உண்மை. அதனால்தான் அதைச் சரியாகச் செய்பவருக்கு இன்னும் இடம் இருக்கிறது. ஆனால் முதலில் விதியைப் பாருங்கள். 'வெளியான நாடகத்திலிருந்து' என்று கேட்டிருந்தால் சிலப்பதிகாரம் காப்பியம் என்று சொல்லித் தள்ளிவிட இடமிருக்கிறது.

அனுமதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு பகுதியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். கண்ணீரோடு வந்து நிற்பவளிடம் பாண்டியன் கேட்டது ஒன்றுதான்: நீ யார்? 'தேரா மன்னா செப்புவது உடையேன்' என்று தொடங்குகிறாள். பலர் அந்த முதல் அடியிலேயே தொண்டை கிழியக் கத்திவிடுகிறார்கள். பிறகு ஏற இடமே இல்லை. அடுத்து என்ன செய்கிறாள் என்று பாருங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் தன் ஊரைச் சொல்கிறாள், அதையும் உடனே சொல்வதில்லை. புறாவின் துயர் தீர்த்த அரசன், பசுவின் கண்ணீருக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்ட அரசன் என்று நீதி தவறாத இருவரை அவன் முன் நிறுத்திவிட்டு, 'பெரும்பெயர்ப் புகார் என் பதியே' என்கிறாள். அப்புறம் கணவனின் குலம், வந்த காரணம், அவன் கொலைப்பட்டது. எல்லாம் முடிந்து கடைசி அடியில்தான் 'கண்ணகி என்பது என் பெயரே'.

ஆக, இது அழுது புலம்பும் பகுதி இல்லை. நீதி எப்படி இருக்கும் என்று அரசனுக்கு அவன் சபையிலேயே பாடம் நடத்திவிட்டு, தன் பெயரைத் தீர்ப்பு மாதிரி இறக்கும் பகுதி. இலக்கணப்படியும் அப்படித்தான் கட்டியிருக்கிறது: 'எள்ளறு சிறப்பின்' என்று தொடங்கும் வாக்கியம் 'புகார் என் பதியே' வரை ஓடுகிறது. அடிக்கு அடி நிறுத்தி மூச்சு வாங்கினால் வாக்கியம் உடைந்து, கேட்பவருக்கு எதுவும் புரியாமல் ஓசை மட்டும் மிஞ்சும். 'அன்றியும்', 'நடுங்க', 'சுட' என்று முடியாமல் நிற்கும் சொற்களில் குரலைத் தாழ்த்தாதீர்கள். 'பதியே' என்பதில் மட்டும் இறக்குங்கள். எதுகையையும் அழுத்த வேண்டாம். எள்ளறு, புள்ளுறு என்பவை தாமே காதில் விழும்.

அளவுதான் குறை. சுமார் 14 அடி, சரியான வேகத்தில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 'ஒரு நிமிடம் முதல்' என்று கேட்கும் இடத்தில் இது இடிக்கும். அதே காப்பியத்தில் ஊர்சூழ் வரியில், பெண்டிரும் உண்டுகொல், சான்றோரும் உண்டுகொல், தெய்வமும் உண்டுகொல் என்று ஊரையே கேள்வி கேட்கும் இடம் இருக்கிறது. அவ்வளவாக யாரும் எடுப்பதில்லை. அங்கே அவளுக்கு இன்னும் எதுவும் முடிவாகவில்லை. கேள்விகள் உண்மையான கேள்விகள். உங்கள் சமகாலப் பகுதி உறுதியாக, அடக்கமாகப் பேசும் பாத்திரம் என்றால் இதுவே பொருத்தம்.

செவ்வியலில் வேடிக்கையான ஆண் பாத்திரம் ஒன்று சொல்லுங்கள். எனக்கு வீர வசனம் வராது.
– மாணவர்

சூத்ரகரின் 'மிருச்சகடிகம்' நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் வரும் சர்விலகன். காதலியை மீட்கப் பணம் வேண்டும் என்று ஒரு வீட்டில் கன்னம் வைக்க வருகிறான். சுவரில் எந்த இடம் ஈரத்தில் இளகியிருக்கிறது என்று தடவிப் பார்க்கிறான். துளையைத் தாமரை வடிவில் போடலாமா, பிறை வடிவிலா, பூர்ணகும்ப வடிவிலா என்று யோசிக்கிறான். காலையில் ஊரார் பார்த்து வியக்க வேண்டுமாம். அளவு நூலை மறந்துவிட்டு வந்தது அப்போதுதான் தெரிகிறது, உடனே தன் பூணூலையே அளவு நூலாக்கிக்கொள்கிறான்.

இதில் நடிகருக்கு என்ன லாபம் என்றால், கைக்கு உண்மையான வேலை இருக்கிறது, சிரிப்பை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. சர்விலகன் தன்னை வேடிக்கையானவனாக நினைக்கவே இல்லை. கலையில் தேர்ந்தவன் என்று நினைக்கிறான். கண்ணைச் சிமிட்டி, குரலை நெளித்துச் செய்தால் செத்துவிடும். உள்ளே ஆட்கள் தூங்குகிறார்கள், சத்தம் வரக் கூடாது என்ற ஆபத்தை ஒரு கணமும் விடாமல் பிடித்திருந்தால் சிரிப்பு தானே வரும். சுவர் எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம் என்பதை ஒத்திகையில் முடிவு செய்து அதை அசைக்காதீர்கள். கற்பனைச் சுவருக்குள் கை நுழைந்துவிட்டால் நடுவர் கவனம் அங்கேயே போய்விடும்.

இதற்கு எதிரே, கைத்திறமையோ நிச்சயமோ இல்லாத, எதைச் சொல்வது என்று தெரியாமல் நிற்கும் சமகாலப் பாத்திரத்தைத் தேடுங்கள்.

இரண்டு நிமிடத்துக்கு எத்தனை வரி? நீளமான பகுதியை எப்படி வெட்டுவது?
– மூவர் கேட்டிருக்கிறார்கள்

இரண்டு நிமிடம் வரை என்றால் ஒத்திகையில் 1 நிமிடம் 40 வினாடிக்கு மேல் போகக் கூடாது. தேர்வு அறையில் மௌனங்கள் நீளும், சிலருக்குப் பேச்சும் மெதுவாகும். நிறுத்து என்று சொன்னால் உங்கள் கடைசித் திருப்பம் யாருக்கும் தெரியாமல் போய்விடும். பேச்சு நடை உரைநடையானால் 160 முதல் 180 சொல் வரை வைத்துக்கொள்ளுங்கள். ஷேக்ஸ்பியர் செய்யுளை ஆங்கிலத்தில் செய்வதானால் நிமிடத்துக்கு 20 வரி என்பது ஓட்டமான கணக்கு. இரண்டு நிமிடத்துக்கு 28, 30 வரியோடு நிறுத்துங்கள்.

வெட்டும்போது தலையிலிருந்து தொடங்குங்கள். முதல் ஐந்தாறு வரிகள் பெரும்பாலும் நாடகத்தின் பார்வையாளருக்குச் செய்தி சொல்ல எழுதப்பட்டவை, உங்களுக்கு வேண்டாம். பாத்திரம் எதையாவது கேட்கத் தொடங்கும் வரியிலிருந்து ஆரம்பியுங்கள். அடுத்து, அறையில் யாருக்கும் தெரியாத மூன்றாவது ஆளின் பெயர் வரும் வரிகளை எடுங்கள். திருப்பம் எங்கே என்று குறித்து வைத்து, அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு வரிகளைத் தொடவே தொடாதீர்கள். செய்யுளில் அரை அடி வெட்டக் கூடாது, வாக்கியம் முடியும் இடத்தில் முழு அடியாக எடுக்க வேண்டும்.

உரையாடலைத் தைத்துத் தனிமொழி ஆக்குகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று. எதிராளியின் வசனத்தை எடுத்துவிட்டு, "என்ன சொன்னே? போகணுமா?" என்று தன் வாயாலேயே சொல்ல வைப்பது. தொலைபேசி நாடகம் மாதிரி ஆகிவிடும். அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். அவர் சொன்னதைக் கேட்ட முகத்தோடு நேராக அடுத்த வரிக்குப் போனாலே போதும்.

வெட்டி முடித்ததும் அந்த நாடகத்தைப் படிக்காத ஒருவரிடம் வாசித்துக் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள்: யாரிடம் பேசுகிறேன், எனக்கு என்ன வேண்டும், கிடைத்ததா? மூன்றில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டால் வெட்டு தவறு. நீங்கள் மட்டும் முழு நாடகத்தையும் படித்தே ஆக வேண்டும், சுருக்கம் போதாது. இந்தக் காட்சிக்கு முந்தைய பத்து நிமிடத்தில் உங்கள் பாத்திரத்துக்கு என்ன நடந்தது என்று நடுவர் கேட்டால் அசடு வழிய நேரும்.

சினிமா வசனம் செய்யலாமா? நானே எழுதியது?

இரண்டும் வேண்டாம். சினிமாக் காட்சியைக் கேமரா நெருங்கி வந்து பாதி நடித்திருக்கும். வெறும் அறையில் அந்தப் பாதி இருக்காது. பார்த்த நடிகரின் குரல் ஏற்ற இறக்கம் உங்களை அறியாமல் ஒட்டிக்கொள்ளும், பார்க்கிறவர்களும் ஒப்பிடுவார்கள். சொந்த எழுத்தில் நீங்கள் பழகிய நடையைத் தாண்டி வேறொருவரின் சொல்லுக்குள் நுழையும் திறமையைக் காட்ட முடியாது. அவர்கள் சோதிக்க நினைப்பதே அதைத்தான்.

கிரேக்க, சமஸ்கிருத நாடகங்களைத் தமிழ் மொழிபெயர்ப்பில் செய்தால் வசனம் வாயில் நிற்க மாட்டேன் என்கிறது.
– நாடகக் குழு உறுப்பினர்

சில மொழிபெயர்ப்புகள் வாசிப்பதற்காகச் செய்யப்பட்டவை. இரண்டு மொழிபெயர்ப்பு கிடைத்தால் இரண்டிலும் அதே பத்து வரிகளைச் சத்தமாக, நின்றுகொண்டு படியுங்கள். எதில் மூச்சு முட்டுகிறதோ அதைத் தள்ளுங்கள். இரண்டையும் கலந்து புதிதாக ஒன்று செய்துகொள்ளாதீர்கள்; நடை ஒட்டாது, எந்த நூலிலிருந்து என்று கேட்டால் பதிலும் இருக்காது. அறிமுகத்தில் நாடகாசிரியரோடு மொழிபெயர்ப்பாளர் பெயரையும் சொல்லுங்கள். அது மரியாதை.

செவ்வியல் நடையைப் பேச்சு வழக்குக்கு இறக்கிவிடுவதும் வேண்டாம். 'வேண்டேன்' என்று இருப்பதை 'வேணாம்' ஆக்கினால் சமகாலப் பகுதியோடு இருந்த வேறுபாடு அங்கேயே கரைந்துவிடும். உயர்ந்த நடையை இயல்பாகச் சொல்ல முடிகிறதா என்பதே அந்தப் பாதியின் சோதனை.

வயது 19. துரியோதனன் செய்ய ஆசை. வயது பொருந்த வேண்டுமா?

சமகாலத்தில் பொருந்தட்டும், உங்கள் வயதுக்கு ஐந்தாறு ஆண்டு முன்பின் இருந்தால் நல்லது. செவ்வியலில் கொஞ்சம் சலுகை உண்டு. பாசனின் 'ஊருபங்க'த்தில் துரியோதனன் தொடை முறிந்து தரையில் கிடப்பவன். வயதைவிட அந்த உடல்நிலைதான் சவால். எழுந்து நிற்காமல், மார்புக்கு மேல் மட்டுமே வைத்துக்கொண்டு முழுப் பகுதியையும் செய்ய வேண்டும். தரையில் கிடந்தபடி குரல் அறையின் கடைசிச் சுவர் வரை போகிறதா என்று முதல் நாளே பாருங்கள். போகாவிட்டால் ஒரு முழங்கையில் சாய்ந்து விலாவைத் திறந்துகொள்ளுங்கள். அதை எடுத்தால் சமகாலப் பகுதி நின்று, நடந்து செய்வதாக இருக்கட்டும்.

எங்கே பார்த்துப் பேசுவது? நடுவர் கண்ணைப் பார்க்கலாமா? எதை முதலில் செய்வது?
– பலர்

நடுவர் கண்ணைப் பார்க்காதீர்கள். பார்த்தால் அவர் குறிப்பு எழுத முடியாமல் உங்கள் எதிர்நடிகர் ஆகிவிடுகிறார். அவர் தலைக்குச் சற்று மேலே, சுவரில் ஓர் இடத்தை எதிராளியின் கண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் வைத்தால் பாதி முகம்தான் தெரியும். இரண்டு பகுதிக்கும் வெவ்வேறு இடம் வையுங்கள், உயரமும் மாறட்டும்.

தனியாக நின்று பேசும் பகுதி வேறு கணக்கு. ஷேக்ஸ்பியரின் 'மெஷர் ஃபார் மெஷர்' இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சி முடிவில், சகோதரனின் உயிருக்காக மன்றாட வந்த இசபெல்லா போனதும், ஆட்சிப் பொறுப்பில் இருக்கும் ஏஞ்சலோ தன்னையே அடுக்கடுக்காகக் கேள்வி கேட்கிறான். இதைத் தரையைப் பார்த்து முணுமுணுத்தால் போச்சு. பார்வையாளர்களிடமே பதில் கேட்பதாக வைத்துக்கொண்டு, கேள்விக்கு ஒரு திசையாகப் பாருங்கள். ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காததால்தான் அடுத்தது பிறக்கிறது.

பொருட்கள் வேண்டாம், ஒரு நாற்காலி போதும். அதையும் ஒரு பகுதிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அறிமுகம் ஒரே வாக்கியம்: பாத்திரம், நாடகம், ஆசிரியர். கதைச் சுருக்கம் சொல்லாதீர்கள். எதை முதலில் செய்வது என்று அவர்கள் சொல்லாவிட்டால், உங்களுக்கு உறுதியாக வருவதை முதலில் செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு முழு மூச்சு விட்டு, நிற்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டு தொடங்குங்கள். இந்த இடைவெளியை மட்டும் தனியாக ஒத்திகை பார்ப்பது நல்லது. முதல் பாத்திரத்தின் தோள் இறுக்கம் இரண்டாவதில் தொற்றுவது இங்கேதான்.

வேறு மாதிரி செய்து காட்டச் சொன்னால் தடுமாறிவிடுகிறேன்.
– இரண்டாவது சுற்றுக்குத் தேர்வானவர்

சொல்வது பெரும்பாலும் எளிதாகத்தான் இருக்கும்: 'இதையே ஒரு குழந்தையிடம் சொல்லுங்கள்', 'ரகசியமாகச் சொல்லுங்கள்', 'அவரை மன்னித்துவிட்டதாக வைத்துக்கொண்டு சொல்லுங்கள்'. முதலில் செய்தது பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. சொன்னதைக் கேட்டு மாற முடிகிறதா என்று பார்க்கிறார்கள். தடுமாற்றத்துக்குக் காரணம், வரிகளை ஏற்ற இறக்கத்தோடு சேர்த்தே மனப்பாடம் செய்தது. அதனால் முதலில் ராகம் இல்லாமல், தட்டையாக, பாத்திரம் தேய்க்கும்போதும் படியேறும்போதும் சொல்லிப் பழகுங்கள். தேர்வுக்கு மூன்று வாரம் முன்பே வரிகள் தடங்கலின்றி வந்துவிட வேண்டும். அதன்பின் தினமும் ஒரு தடவை, முதல் கேள்வியில் சொன்ன அந்தத் தாளின் ஓரத்து வினைகளை அழித்துவிட்டு வேறு வினைகளை எழுதிச் செய்து பாருங்கள். மிரட்டும் இடத்தில் கொஞ்சுங்கள், கெஞ்சும் இடத்தில் கேலி செய்யுங்கள். பாதி பொருந்தாது. பொருந்துகிற ஒன்றிரண்டு, நீங்கள் முதலில் எழுதியதைவிட நன்றாக இருந்தால் அவற்றையே வைத்துக்கொள்ளுங்கள்.